இரண்டு பேருக்கும் போட்ட ஓட்டு

பழனாத்தாளுக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. இதை நல்ல குணம் என்று சிங்காநல்லூரில் அந்தத் தெருவே மெச்சிக்கொண்டிருந்தது. நல்ல குணமாவது, மண்ணாங்கட்டியாவது! யார் வந்து எதைக் கேட்டாலும் "ஆகட்டுங்க" என்பாள். மாவு தீர்ந்த பிறகு ஒருத்தி பாத்திரத்தோடு வந்து நின்றால், தன் வீட்டுக்கு எடுத்து வைத்ததை ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தான் பழைய சோற்றைத் தின்பாள். இப்படிப்பட்ட மனுஷி ஒரு கட்சியை இரண்டாகப் பிளந்தாள் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் பிளந்தது அவள்தான்.

அவள் காங்கயத்துக்குப் பக்கம் ஒரு மேட்டுக்காட்டில் பிறந்தவள். பத்தொன்பது வயசில் மில் தொழிலாளி மாரப்பனைக் கட்டிக்கொண்டு சிங்காநல்லூருக்கு வந்தாள். பத்து வருஷத்தில் மில்லைப் பூட்டினார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நின்றபோது, பம்புசெட் கம்பெனி வைத்திருந்த சென்னகிருஷ்ணன்தான் கூப்பிட்டுவிட்டார். கம்பெனி மதிலை ஒட்டியிருந்த அறையைத் திறந்துவிட்டு, "ஒரு கிரைண்டரப் போட்டு மாவு ஆட்டி வித்துப் பொழச்சுக்குங்க. அட்வான்சு கிட்வான்சு ஒண்ணும் வேண்டாம்" என்றார். அந்த அறைதான் இருபத்திரண்டு வருஷமாகப் பழனாத்தாள் மாவுக் கடை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் மாரப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர் குமாரசாமி. தென்னந்தோப்பும் தறிக்குடோனும் உள்ள மனுஷன், மூன்று நாள் ஆஸ்பத்திரி நடையில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தார். மாரப்பன் பிழைக்கவில்லை. ஆனாலும் கூடப்பிறந்தவன்கூட அப்படி நின்றிருக்க மாட்டான் என்று பழனாத்தாள் இன்றைக்கும் சொல்லுவாள்.

சென்னகிருஷ்ணனும் குமாரசாமியும் ஒரே கட்சி. மாரப்பனும் அதே கட்சியில் கொடி பிடித்தவன். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எல்லாக் கட்சியிலும் இந்தக் கூத்து உண்டு. மாரப்பன் போன பிறகு அவன் வகித்த வட்டப் பிரதிநிதி பொறுப்பை மரியாதைக்காக அவளுக்குக் கொடுத்தார்கள். கூட்டத்துக்குப் போவாள், கை தட்டுவாள், டீ குடித்துவிட்டு வருவாள். அதற்குமேல் அரசியல் அவளுக்குத் தெரியாது.

இந்த வருஷம்தான் சனி பிடித்தது. மாநகராட்சித் தேர்தல் வருகிறது, யார் வட்டச் செயலாளரோ அவருக்கே கவுன்சிலர் சீட்டு என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். உட்கட்சித் தேர்தல் என்றால் வழக்கமாக ஓட்டுப் பெட்டியே வராது. நாலு பேர் உட்கார்ந்து பேசி, 'ஒருமனதாக' என்று எழுதி, சால்வை போட்டு முடித்துவிடுவார்கள். இந்தத் தடவை சென்னகிருஷ்ணனும் நின்றார், குமாரசாமியும் நின்றார். இருபது வருஷமாக ஒரே காரில் மாநாட்டுக்குப் போன இரண்டு பேரும் வாபஸ் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள்.

ஓட்டு இருபத்து மூன்று. சென்னகிருஷ்ணன் தன் சம்சாரம் கனகத்தை மாவுக் கடைக்கு அனுப்பினார். "பழனாத்தா, நம்மளுக்குத்தானே?" என்றாள் கனகம். "ஆகட்டுங்கக்கா." மறுநாள் குமாரசாமியே நேரில் வந்தார். "அம்மணி, உன்னைய நான் கேக்கவே வேண்டியதில்லெ. இருந்தாலும் ஒரு வார்த்தை" என்றார். "ஆகட்டுங்கண்ணா, பாத்துக்கலாமுங்க." நம் பக்கத்தில் இந்த 'ஆகட்டுங்க' எதிரில் நிற்பவரின் முகம் வாடக்கூடாது என்பதற்காகச் சொல்லுவது. தேர்தல் காலத்தில் அதை ஓட்டு என்று எண்ணிக்கொள்வார்கள் என்று அவளுக்கு உறைக்கவில்லை. சென்னகிருஷ்ணன் தன் பக்கம் பன்னிரண்டு என்று கணக்குப் போட்டார். குமாரசாமியும் தன் பக்கம் பன்னிரண்டு என்றார்.

ஓட்டுப்போட்டது சிமெண்டுக் கடைக்கு மேலே இருந்த கட்சி ஆபீசில். தேர்தலை நடத்த ஈரோட்டிலிருந்து தமிழ்ச்செல்வன் என்றொரு பொறுப்பாளர் வந்திருந்தார். மூலையில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டி, உள்ளே ஒரு மேசையும் பேனாவும் வைத்திருந்தார்கள். சீட்டில் இரண்டு பெயர். பிடித்த பெயருக்கு நேரே டிக் போட வேண்டும், அவ்வளவுதான்.

பழனாத்தாள் திரைக்குள்ளே போய்ச் சீட்டைப் பார்த்தாள். குமாரசாமிக்கு டிக் போட்டாள். போட்டதும் கம்பெனி மதிலும் கடையும் கண்ணில் வந்து நின்றன. அவரை எப்படி விடுவது? சென்னகிருஷ்ணனுக்கும் ஒரு டிக் போட்டாள். செல்லாது என்று அவளுக்குத் தெரியும். ஒரு ஓட்டுச் செல்லாமல் போனால் என்ன குடியா முழுகிவிடும் என்று நினைத்து மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

முழுகிவிட்டது. குமாரசாமி பதினொன்று, சென்னகிருஷ்ணன் பதினொன்று, செல்லாதது ஒன்று. தமிழ்ச்செல்வன் சீட்டுக் குலுக்கிப் போட்டு, டீக்கடைக்காரரை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். குமாரசாமி பெயர் வந்தது.

ஜெயித்தவராவது சந்தோஷப்பட்டாரா? இல்லை. 'குலுக்குச்சீட்டுச் செயலாளர்' என்று எதிராளிகள் பெயர் வைத்துவிட்டார்கள். தோற்றவருக்கோ நெஞ்செல்லாம் நெருப்பு. ஜெயித்தவர், தோற்றவர் இரண்டு பேருமே ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: அந்தச் செல்லாத ஓட்டைப் போட்ட துரோகி யார்?

அதற்கப்புறம் கட்சியில் எல்லாமே இரண்டு. தலைவர் பிறந்த நாளுக்கு இரண்டு இடத்தில் கேக், இரண்டு வாட்ஸ்அப் குரூப், ஒரு சாவுக்கு இரண்டு மலர்வளையம். டீக்கடையில்கூட இந்தப் பெஞ்சு அவர்களுக்கு, அந்தப் பெஞ்சு இவர்களுக்கு. பழனாத்தாள் கடைக்கு மட்டும் இரண்டு பக்கத்தாரும் வந்தார்கள். மாவை வாங்கிக்கொண்டு, "அந்தச் செல்லாத ஓட்டு யாருதா இருக்குமுங்கக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பிக்கொண்டு கிரைண்டரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஈரோட்டில் கட்டிக்கொடுத்த மகள் லோகப்பிரியாவிடம் மட்டும் போனில் சொன்னாள். மகள் பதறிப்போனாள். "அம்மா, நீ வாயத் தொறந்துபோடாதே. ரெண்டு பக்கமும் உன்னைய ஒதுக்கிப் போடுவாங்க. கடைய எங்க கொண்டுபோய் வெப்பே?" என்றாள். பழனாத்தாள் அதற்கும் ஆகட்டும் என்றாள்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். சந்தேகம் சும்மா இருக்குமா? ஒவ்வொரு ஆளாகச் சுற்றி வந்தது. முதலில் ஒருவரைச் சொன்னார்கள், அவர் குமாரசாமிக்குச் சம்பந்தி முறை, விட்டுவிட்டார்கள். அடுத்தவர் சென்னகிருஷ்ணனுக்குப் பங்காளி, அவரையும் விட்டார்கள். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்தக்காரர் குறுக்கே வந்து நிற்க, கடைசியில் யாருக்கும் உறவில்லாத ஒரு ஆளிடம் வந்து நின்றது. அவர் தாரிக்.

தாரிக் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். முப்பத்தொரு வருஷமாகக் கட்சியில் இருக்கிறார். பழனாத்தாளின் கிரைண்டர் மோட்டார் எரிந்தால் அவர்தான் வந்து கழற்றுவார். ஓட்டுப்போட்ட அன்று கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவர், தமிழ்ச்செல்வனின் கண்ணாடியைக் கடன் வாங்கிக்கொண்டு திரைக்குள் போய்ச் சற்று நேரம் நின்றார். அந்தச் சற்று நேரம்தான் அவருக்கு எமனாக வந்தது. "அவ்வளவு நேரம் உள்ள நின்னு என்ன பண்ணுனான்? ரெண்டு பக்கமும் நல்லவனாகப் பாத்திருக்கறான்" என்று ஆரம்பித்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

தான் சொல்லிவிட வேண்டும் என்று பழனாத்தாள் தினமும் காலையில் நினைப்பாள். சாயங்காலத்துக்குள் தைரியம் போய்விடும். இப்படியே மூன்று வாரம் ஓடியது.

ஒரு வியாழக்கிழமை கனகம் கடைக்கு வந்தாள். முகம் சிவந்திருந்தது. "பழனாத்தா, நாளைக்கு ஆனமலைக்குப் போறேன். மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசப் போறேன். அந்த ஓட்டுப் போட்டவன் எவனா இருந்தாலும் ஒடம்பு பத்தி எரியோணும்" என்றாள். துரோகம் செய்தவன் யார் என்று தெரியாவிட்டால் நம் பக்கத்தில் அங்கேதான் போவார்கள். மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டால், தொண்ணூறு நாளில் ஆத்தா கணக்குத் தீர்ப்பாள் என்பது நம்பிக்கை.

பழனாத்தாள் மாவுப் பாத்திரத்தை மூடி வைத்தாள். "போயிட்டு வாங்கக்கா" என்றாள்.

"போயிட்டு வாங்கவா? நீயும் வாரே. எனக்குத் தோள்பட்டை வலி, கையத் தூக்க முடியறதில்லெ. அரைக்கறதுல உன்னையாட்ட யாருக்கு வரும்?"

இப்போதாவது முடியாது என்று சொல்லியிருக்க வேண்டாமா? உடம்பு சரியில்லை, கடையைப் பூட்ட முடியாது, எதையாவது சொல்லியிருக்கலாம். பாவி மனுஷி, "ஆகட்டுங்கக்கா" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை கனகத்தின் காரில் பொள்ளாச்சி வழியாக ஆனைமலைக்குப் போனார்கள். கோயிலில் நல்ல கூட்டம். கனகம் அரைக்கும் கல்லைத் தொட்டுக் கும்பிட்டு ஒரு மிளகாயை வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். பழனாத்தாள் உட்கார்ந்து அரைத்தாள். தனக்கான மிளகாயைத் தானே அரைத்தாள்.

"நல்லா மையா அரை அம்மணி. கொறகொறன்னு இருந்தா அவனுக்கு ஒறைக்காது" என்றாள் கனகம். அப்புறம் அரைத்ததை வழித்து நீதிக்கல்லில் பூசச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தன் வீட்டுப் பேச்சான தெலுங்கில் என்னவோ சாபம் விட்டாள். பழனாத்தாளுக்குத் தெலுங்கு அரைகுறைதான். வயிறு என்றும் கண் என்றும் வந்தது மட்டும் புரிந்தது. அவளும் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்: 'ஆத்தா, அவுங்களுக்கு ஆள் தெரியாது. உனக்குத் தெரியும். அரைக்கறது நானு, வாங்கிக்கப் போறதும் நானு. சித்த பாத்து எரி தாயே.' மிளகாய்க் காரத்தில் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கனகம் அதைப் பார்த்துவிட்டு, "எங்களுக்காக இப்படி உருகறயே பழனாத்தா" என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து மோரில் கையை நனைத்தாள். எரிச்சல் அடங்கவில்லை. வயிறு வலித்தது. பயணத்தில் தின்றது சேரவில்லையா, ஆத்தா ஆரம்பித்துவிட்டாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. எரியும் கையோடு பூசையறை முன்னால் உட்கார்ந்துகொண்டு, இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

சனிக்கிழமை தாரிக்கின் சம்சாரம் தாஜுன்னிசா மாவு வாங்க வந்தாள். பாத்திரத்தை வைத்தவள் எடுக்கவில்லை. "அக்கா, நாளைக்குக் கூட்டம் போட்டு இவரைய கட்சிய விட்டே எடுக்கப் போறாங்களாம். ஈரோட்டுக்காரரு வந்து ரெண்டு பக்கத்தையும் ராசி பண்ணிப்போட்டாராம். ராசி பண்ணறதுக்கு இவருதான் கெடைச்சாருங்களா? நாலு நாளாச் சோறு எறங்கறதில்லைங்க. சவுதியில இருக்கற தம்பி கூப்பிட்டப்பக்கூட, கட்சிய உட்டுப்போட்டு எப்படி வாரதுன்னு கேட்ட மனுசனுங்க" என்றாள். பிறகு பழனாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னா ரெண்டு பேரும் கேப்பாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

மிளகாய் பட்ட கை, அவள் பிடித்ததும் பற்றி எரிந்தது. "சொல்றேன் தாஜு. நாளைக்குக் கட்டாயம் சொல்றேன்" என்றாள் பழனாத்தாள். இன்னொருவர் முகம் வாடுமே என்பதற்காக இல்லாமல் அவள் மனசாரச் சொன்னது அது ஒன்றுதான். மகளுக்குப் போன் செய்து, கடைக்கு வேறு இடம் பார்க்க வேண்டி வரும் என்றும் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். ஒரு மாசத்துக்குப் பிறகு குமாரசாமியும் சென்னகிருஷ்ணனும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். குமாரசாமிக்குக் கவுன்சிலர் சீட்டு, சென்னகிருஷ்ணனுக்கு மாவட்டத்தில் ஒரு பதவி என்று பேசி முடித்திருந்தார்கள். தாரிக் கதவோரம் நின்றிருந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

தமிழ்ச்செல்வன் தாளை எடுத்து வாசித்தார். வேண்டுமென்றே செல்லாத ஓட்டைப் போட்டுக் கட்சியில் பிளவு உண்டாக்கிய தாரிக்கை அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்தே நீக்குவது என்று தீர்மானம். "யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்குதுங்களா?"

பழனாத்தாள் எழுந்தாள். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, அந்த ஓட்டுப் போட்டது நானுங்க. ரெண்டு பேரு மேலயும் டிக் போட்டது நாந்தானுங்க. தாரிக்குக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டு, முதல் வசவு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று காத்திருந்தாள். வசவு வரவில்லை. யாரோ சிரித்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் குமாரசாமி. கோபச் சிரிப்பில்லை, பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதுபோல நல்ல சிரிப்பு.

"அம்மணி, உன்ற மனசு எங்களுக்குத் தெரியாதா? ஒருத்தன் மாட்டிக்கிட்டா உனக்குப் பொறுக்காது. அதுக்காகப் பழியத் தூக்கித் தலையில போட்டுக்குவாங்களா? உக்காரு, உக்காரு."

"இல்லீங்ணா, சத்தியமாங்க..."

இப்போது சென்னகிருஷ்ணன் கையை உயர்த்தினார். "நான் ஒண்ணு சொல்லோணும். முந்தாநேத்து எங்க ஊட்டுக்காரிகூட ஆனமலைக்குப் போய், அந்த ஓட்டுப் போட்டவனுக்கு மொளகா அரைச்சதே இந்தம்மாதானுங்க. அழுதுக்கிட்டே அரைச்சாங்களாம். தானே செஞ்சிருந்தா தனக்கே யாராச்சும் மொளகா அரைச்சுக்குவாங்களா? நீங்களே சொல்லுங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். பின்னாலிருந்து ஒருவர், "பழனாத்தாக்கா தங்கமுங்க" என்றார். ஒரு மாசமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகிப் போனார்கள்.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஐம்பத்தொரு வயசுவரை வராத ஆத்திரம். "ஒரு பேப்பர் குடுங்க, அதே மாதிரி போட்டுக் காட்டறேன். அந்தச் சீட்டக் கொண்டாங்க, பக்கத்துல வெச்சுப் பாருங்க!" என்று கத்தினாள்.

"சீட்டையெல்லாம் அன்னைக்கே கிழிச்சுப் போட்டாச்சுங்கம்மா" என்றார் தமிழ்ச்செல்வன். கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஆதரிக்கறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. பழனாத்தாள் தூக்கவில்லை. தமிழ்ச்செல்வன் எண்ணவும் இல்லை, 'ஒருமனதாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். குமாரசாமியும் சென்னகிருஷ்ணனும் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொண்டார்கள், ஒருவர் போனில் படம் பிடித்தார்.

அவள் படியிறங்கி ஓடினாள். தாரிக் சிமெண்டுக் கடை முன்னால் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வண்டியை மறுபடி நிறுத்திவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"அக்கா, முப்பத்தொரு வருசத்துல நான் எத்தனை பேருக்கு எத்தனை செஞ்சிருப்பேன். ஒருத்தன் வாயத் தொறக்கலீங்க. நீங்க ஒருத்தருதான் எந்திரிச்சீங்க. அத்தனை பேரு முன்னால எனக்காகப் பொய் சொன்னீங்களே, இது போதுமுங்க. கட்சி போனாப் போகுது."

"பொய்யில்லெ தாரிக். நெசமாவே நாந்தான். மொத நாளே சொல்லியிருந்தா உனக்கு இந்த கெதி வந்திருக்காது. என்னைய ரெண்டு வார்த்தை வைய்யி, சாமி."

தாரிக் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்களப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா? இனி அதையே சொல்லிக்கிட்டு இருக்காதீங்கக்கா, உங்களுக்கும் கெட்ட பேரு வந்துபோடும். தாஜுகிட்டச் சொன்னா ரொம்பச் சந்தோசப்படுவா. அஞ்சு வேளையும் உங்களுக்காக துவா கேப்பா."

வண்டியை உதைத்துக் கிளப்பி, போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்து மறுபடியும் கும்பிட்டார். பழனாத்தாளுக்கு, அந்தக் கும்பிடு வேண்டாம் என்று கத்த வேண்டும்போல இருந்தது. சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. கத்தியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது.